எல்லையில் தேங்கும் கூலி: ஓசூருக்கு வரும் முதலீடும் காலனிக்கு வராத உயர்வும்

சூளகிரிப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து வந்த இளம்பெண் என் மேசைமீது மூன்று அடையாள அட்டைகளை வரிசையாக வைத்தார். மூன்றிலும் அவருடைய படம். ஆனால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஒப்பந்ததாரரின் பெயர். வேலை பார்த்த தொழிற்சாலை ஒன்றுதான். நின்ற இயந்திரமும் ஒன்றுதான். மேற்பார்வையாளர்கூட மாறவில்லை. “மெஷின் மாறல மேடம், கம்பெனி பேருதான் மாறிக்கிட்டே இருக்குது” என்றார். மூன்று ஆண்டுகளில் அவருடைய பணிக்காலம் மூன்று முறை முதல் நாளிலிருந்து தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஊதியமும் தொடக்க நிலைக்கே திரும்பியிருந்தது. அதே வரிசையில் அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் ஊதியம் இதற்குள் பலமுறை உயர்ந்துவிட்டது.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இது ஒரு நிறுவனத்தின் தவறாகச் சுருங்கிவிடும். ஆனால் இது ஒரு முறைமை. ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியில் இத்தகைய அட்டைகளோடு வருவோர் ஒருவர் இருவர் அல்லர்.

இப்பகுதியில் முதலீட்டையும் கூலியையும் பற்றி இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. அடிக்கல் நாட்டும் மேடையில், முதலீடு வந்தால் கூலி உயரும் என்கிறார்கள். ஊதியப் பேச்சுவார்த்தையில், கூலி உயர்ந்தால் முதலீடு போய்விடும் என்கிறார்கள். இரண்டும் உண்மையென்றால், முதலீட்டால் உயரத் தொடங்கும் கூலி ஒரு கட்டத்தில் அந்த முதலீட்டின் பெயராலேயே தடுத்து நிறுத்தப்படும். ஓசூரில் நடப்பது ஏறத்தாழ இதுதான். முதலீட்டுக்கும் கூலிக்கும் நடுவே அரசு எழுதும் நிபந்தனைகள் இருக்கின்றன. தொழிற்சாலை பராமரிக்கும் வருகைப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் யாருடைய பெயர் இடம்பெறும் என்பதை முடிவுசெய்யும் சாதியும் இருக்கிறது. இந்த மூன்றையும் பார்க்காமல் முதலீட்டின் பயனைக் கணக்கிட முடியாது.

முதலீடு வந்த வழிகள்

தமிழ்நாடு அரசு 1971இல் சிப்காட் நிறுவனத்தை உருவாக்கியது. அதன் தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளுள் ஓசூரும் ஒன்று. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பதே இதன் கவர்ச்சி. பெருநகரின் சந்தையும் தொழில்நுட்ப வல்லுநர்களும் அருகில் கிடைத்தனர். நிலமும் உழைப்பும் நகர விலையைவிடக் குறைவாகக் கிடைத்தன. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவை முதல் தலைமுறை. கேட்டர்பில்லர், ஷாஃப்லர், டெல்டா எலக்ட்ரானிக்ஸ் போன்ற அமெரிக்க, ஜெர்மானிய, தைவான் நிறுவனங்களும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலைகளை அமைத்துள்ளன. போச்சம்பள்ளியில் ஓலா மின் இருசக்கர வாகன ஆலை வந்தது. ஐபோனின் பாகங்களைச் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை தேன்கனிக்கோட்டைப் பக்கம் எழுந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்நிய மூலதனம் மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று, வெளிநாட்டு நிறுவனம் தானே ஆலை அமைப்பது. இரண்டு, இந்திய நிறுவனத்தின் பங்குகளில் வெளிநாட்டு நிதியம் பணம் போடுவது. ஓலாவில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் போட்டது இவ்வகை. மூன்று, கொள்முதல் ஒப்பந்தம். ஆலையும் உரிமையாளரும் இந்தியர்களாகவே இருக்கலாம். ஆனால் பொருளின் விலை, தரம், ஒப்படைக்க வேண்டிய நாள் ஆகியவற்றை வெளிநாட்டு வணிகமுத்திரை நிறுவனம் முடிவுசெய்கிறது. இம்மூன்றாம் வகையில், கூலிக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்பதன் மேல்வரம்பு பெரும்பாலும் கலிபோர்னியாவில் எழுதப்படுகிறது. தொழிலாளி கேள்வி கேட்க முடிவதோ ஓசூரில் இருக்கும் ஒப்பந்ததாரரின் அலுவலரிடம் மட்டுமே.

இந்த முதலீடு எதையும் தரவில்லை என்று சொல்பவன் காலனியை அறியாதவன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்ட மக்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர். இவர்களுள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழி பேசுவோரும் உண்டு. இவர்களில் மிகப் பலருக்கு, ஒரு தலைமுறைக்கு முன்புவரை, மாந்தோப்பிலும் வயலிலும் கல்குவாரியிலும் நிலவுடைமைச் சாதியினரிடம் பெறும் கூலியே வாழ்வு. அந்தக் கூலியோடு அடக்கமும் சேர்ந்தே கேட்கப்பட்டது. ஆலை பேருந்து காலனி முனைக்கு வந்து நின்ற நாளில், ஊர்த்தெருவின் தயவில்லாமல் பிழைக்கும் வழி முதன்முறையாகத் திறந்தது. காலனிப் பெண்களுக்கு ஆலையில் வேலை கிடைக்கும்போது வயல்வேலைக்கான கூலியையும் உயர்த்த வேண்டிய கட்டாயம் நிலவுடைமையாளருக்கு ஏற்படுகிறது. ஆலை தரும் கூலி குறைவாக இருந்தாலும் இந்த விளைவு உண்மையானது.

அதற்குச் சாதி எப்படி மறுமொழி தரும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அண்டை மாவட்டமான தருமபுரியில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. பெங்களூர், திருப்பூர் போன்ற ஊர்களில் உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டிய வீடுகளும், வாங்கிய வண்டிகளும் நகைகளும் அங்கே குறிவைத்து அழிக்கப்பட்டன. சாதி கடந்த ஒரு திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. தாக்குதலின் இலக்காக இருந்ததோ கூலி கட்டிய வீடு. தலித் தொழிலாளியின் ஊதியம் அவருடைய சுயமரியாதையின் அடித்தளம் என்பதை ஆதிக்கச் சாதியினர் நன்றாகவே அறிந்திருந்தனர். ஆகவே ஊதியத்தைப் பற்றிய கேள்வியைப் பொருளாதார வல்லுநர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

எல்லைக்கு அப்பால் நடந்தது

முதலீடும் கூலியும் மோதிக்கொண்டதன் தெளிவான பாடம், ஓசூரிலிருந்து சில மணி நேரத்துக்குள் சென்று திரும்பக்கூடிய தொலைவில், கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்திலுள்ள நரசாபுராவில் கிடைத்தது. தைவானின் விஸ்ட்ரான் நிறுவனம் அங்கே ஐபோன்களை இணைத்துவந்தது. 2020 டிசம்பர் 12 காலை, இரவுப்பணி முடிந்த தொழிலாளர்கள் ஆலையை அடித்து நொறுக்கினர். அவர்களின் குறை எளிமையானது. சொன்ன ஊதியம் வரவில்லை. பொறியியல் பட்டதாரிகளுக்கு 21,000 ரூபாய் என்று சொல்லப்பட்டது 16,000 ஆகி, பிறகு 12,000 ஆனதாகச் செய்திகள் வெளிவந்தன. பணிநேரம் 12 மணி நேரமானது. மிகைநேர ஊதியமும் வருகைப் பதிவும் குழப்பமாயின. கர்நாடகத் தொழிற்சாலைகள் துறையின் ஆய்விலும் சட்டமீறல்கள் பதிவாயின. ஆப்பிள் நிறுவனம் விஸ்ட்ரானைக் கண்காணிப்பு நிலையில் வைத்தது. விஸ்ட்ரான் மன்னிப்புக் கேட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 10,000 தொழிலாளர்களில் நிரந்தரமானவர்கள் 1,400க்கும் குறைவு. மற்றவர்கள் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வந்தவர்கள்.

இந்த நிகழ்ச்சியில் பலரும் கவனிக்காமல் விட்ட தேதி ஒன்று உண்டு. உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு 2020 அக்டோபரில் ஒப்புதல் வழங்கிய கைபேசி நிறுவனங்களுள் விஸ்ட்ரானும் ஒன்று. பொதுப்பணத்திலிருந்து ஊக்கத்தொகை பெறத் தகுதியானது என்று அறிவிக்கப்பட்ட இரண்டே மாதங்களில், தன் தொழிலாளர்களுக்கு ஒழுங்காகக் கூலி தராத நிறுவனம் என்று அது அம்பலமானது.

அத்திட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பெரும் மின்னணு உற்பத்திக்கான அந்தத் திட்டத்தின் மதிப்பீடு 40,951 கோடி ரூபாய். கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 விழுக்காடுவரை ஐந்து ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகை. இவ்வளவு முதலீடு செய்திருக்க வேண்டும், இவ்வளவு கூடுதலாக விற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. பன்னாட்டு நிறுவனங்கள் செய்யும் கைபேசியின் மதிப்பு 15,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும் விதி இருந்தது. கைபேசியின் விலைக்குக் கீழ்வரம்பு வைத்த அரசு, அதைச் செய்யும் கையின் கூலிக்குக் கீழ்வரம்பு வைக்கவில்லை.

2023 நவம்பரில் நரசாபுரா ஆலை டாட்டா எலக்ட்ரானிக்ஸ் வசமானது. இன்று எல்லையின் இருபுறமும் ஒரே குழுமம் ஒரே வெளிநாட்டு நிறுவனத்துக்காக உற்பத்தி செய்கிறது. மூலதனத்துக்கு அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடி ஒரு தடையே இல்லை. கூலிக்கு மட்டும் அங்கே எல்லை உண்டு. ஏனெனில் குறைந்தபட்சக் கூலியை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே அறிவிக்கிறது.

இந்த எல்லைதான் இரு மாநிலங்களையும் போட்டிக்கு இழுக்கிறது. 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் நாளொன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆப்பிள், ஃபாக்ஸ்கான் போன்ற நிறுவனங்களின் வலியுறுத்தல் அதன் பின்னணியில் இருந்ததாக அன்று செய்திகள் வந்தன. இரண்டே மாதங்களில், ஏப்ரல் 21 அன்று, தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் அதே நோக்கமுள்ள திருத்தத்தை நிறைவேற்றியது. விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் வெளிநடப்புச் செய்தனர். தொழிற்சங்கங்கள் திரண்டன. சில நாள்களில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அண்டை மாநிலம் இறங்கினால் நாமும் இறங்க வேண்டும் என்ற வாதத்தை மக்கள் எதிர்ப்பால் உடைக்க முடியும் என்பதற்கு அது சான்று. அந்த வாதம் செத்துவிடவில்லை என்பதும் உண்மை.

கூலி உயர்ந்தால் முதலீடு ஓடுமா?

அடுத்த கூற்றைச் சோதிப்போம். 2009இல் விற்கப்பட்ட ஐபோன் 3ஜி கைபேசியின் செலவைப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 179 டாலர் உற்பத்திச் செலவில் சீனத் தொழிலாளர்கள் அதை இணைப்பதற்கு ஆன செலவு 6.50 டாலர் என்று கண்டது. அதாவது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. இன்றைய கைபேசியின் கணக்கு சற்று மாறியிருக்கலாம். எனினும் இணைப்பு வேலையின் கூலி மொத்த மதிப்பில் சிறு பகுதியே என்ற உண்மை மாறாது. அந்தச் சிறு பகுதி ஒரு மடங்கு கூடினாலும் கடையில் பொருளின் விலை பெரிதாக உயராது. குறைவது இடையில் இருப்போரின் லாபமே.

தமிழ்நாட்டிலிருந்து போன நிறுவனங்கள் ஏன் போயின? திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா 2014 நவம்பர் 1 அன்று மூடியது. காரணம் வரி வழக்கும், கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்கப்பட்டதும், சந்தையை இழந்ததுமாகும். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது. காரணம் இந்தியச் சந்தையில் அந்நிறுவனம் அடைந்த நட்டம். குறைந்த கூலி இவ்விரண்டில் எதையும் பிடித்துவைக்கவில்லை. நிறுவனம் போனபோது மிஞ்சியது, சேமிப்பில்லாத தொழிலாளர் கூட்டம் மட்டுமே.

மறுபக்கம் சாம்சங். திருப்பெரும்புதூர் ஆலையின் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சராசரியாக மாதம் 25,000 ரூபாய் பெறுவதாகவும், மூன்றாண்டுகளில் 36,000 வேண்டும் என்றும் அவர்கள் கேட்டதாகச் செய்திகள் கூறின. சங்கத்தைப் பதிவுசெய்யவே நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2025 சனவரியில் பதிவு கிடைத்தது. மே மாதம் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலீடு ஓடிவிட்டதா? அதே ஆலையில் சாம்சங் மேலும் 1,000 கோடி ரூபாய் முதலிடும் என்று 2025 ஏப்ரலில் மாநிலத் தொழில்துறை அமைச்சர் டி.ஆர்.பி. ராஜா அறிவித்தார்.

ஒரு சாம்சங்கை வைத்து எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது. சில சிறு உதிரிபாகப் பட்டறைகளுக்குக் கூலி உயர்வு உண்மையிலேயே சுமையாக இருக்கும். ஆனால் அவற்றின் கழுத்தை நெரிப்பது தொழிலாளி கேட்கும் கூலியா, பெருநிறுவனம் தரும் கொள்முதல் விலையா என்று கேட்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிகூடத் தர இயலாத தொழிலுக்கு நிலைத்திருக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கிரௌன் அலுமினியம் வழக்கில் 1950களிலேயே தீர்ப்பளித்தது. அந்த நெறி இன்றும் மாறவில்லை.

பட்டியலின் கடைசிப் பக்கம்

அப்படியானால் முதலீடு வந்தும் அந்தப் பெண்ணின் கூலி ஏன் உயரவில்லை? உயர்வு வருகிறது. அது முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது.

ஒரு நவீன ஆலையின் வருகைப் பட்டியலில் பல படிநிலைகள் உண்டு. நிரந்தரத் தொழிலாளர், நிலையான காலப் பணியாளர், பயிற்சியாளர், தொழிற்பழகுநர், ஒப்பந்தத் தொழிலாளர், அதற்கும் கீழே துப்புரவு, உணவகம், சுமை தூக்கும் பணிகள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பழகுநரைத் தொழிலாளி என்று கருதுவதில்லை. எனவே அவருக்குக் கிடைப்பது ஊதியம் அன்று, உதவித்தொகை. இந்தியத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு 2000ஆம் ஆண்டுவாக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக இருந்தது. தொழில்களின் ஆண்டு ஆய்வு 2023-24இல் அதை ஏறத்தாழ 42 விழுக்காடு என்று காட்டுகிறது. அந்நிய முதலீடு பெருமளவில் உள்ளே வந்த காலமும் இதுவே.

இப்படிநிலைகளில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை அந்த ஆண்டு ஆய்வு சொல்லாது. அதில் ஆண், பெண் கணக்கு உண்டு. நேரடி, ஒப்பந்தக் கணக்கும் உண்டு. சாதிக் கணக்கு இல்லை. ஆனால் வாசலில் நடப்பதற்குச் சான்று உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைச் சாதி தெரியும் பெயர்களோடு தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர். தலித் பெயருடைய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. பட்டதாரி வேலைக்கே இப்படி. ஒப்பந்ததாரர் வழியாக ஆள் எடுக்கும்போது விண்ணப்பமே தேவையில்லை. ஊர்க்காரர், உறவினர், சாதிக்காரர் என்ற வலையே போதும்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகமாக இருந்த தறிப் பிரிவில் தீண்டப்படாதார் சேர்க்கப்படவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், அவர்கள் தொட்டது தீட்டு என்று சக தொழிலாளர்களே எதிர்த்தனர். பாபாசாகேப் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னே வைத்துக் கேட்டார். மூலதனத்தை எதிர்ப்பவர்கள் தொழிலாளர்களுக்குள் இருக்கும் இந்தச் சுவரை ஏன் பார்ப்பதில்லை என்பது அவர் கேள்வி. இன்று தறி இல்லை, நாடா இல்லை. அடையாள அட்டையின் நிறம் அந்த வேலையைச் செய்கிறது. ஓசூரின் பழைய தொழிற்சங்கங்கள் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு நல்ல ஊதிய ஒப்பந்தங்களைப் பெற்றுத் தந்துள்ளன. அந்த ஒப்பந்தங்களின் பக்கங்களில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எத்தனை வரிகள் இருக்கின்றன என்று அச்சங்கங்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிலம் எடுப்பும் இப்பட்டியலுக்கு ஆள் சேர்க்கிறது. உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்துப் போராடியதை அறிவோம். நிலம் உள்ளவருக்கு இழப்பீட்டைப் பற்றிப் பேச ஓர் ஆவணம் உண்டு. அந்நிலத்தில் கூலிவேலை செய்தவரிடம் எந்த ஆவணமும் இல்லை. நிலமெடுப்பால் வாழ்வாதாரம் இழக்கும் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று 2013ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் ஏற்கிறது. அவர்களைக் கண்டறிய உதவும் சமூகத் தாக்க மதிப்பீடோ, தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுத் தொழில்நோக்க நிலமெடுப்புச் சட்டத்தின்கீழ் கட்டாயமில்லை. வயலை இழந்த கூலி, இழப்பீடு இல்லாமல் ஆலை வாசலுக்கு வருகிறார். வேறு வழியில்லாதவர் கேட்கும் கூலி குறைவாகத்தான் இருக்கும்.

தொலைவிலிருந்து வருவோரின் நிலையும் இதுவே. ஓசூர் அருகே வரும் ஐபோன் ஆலையில் 60,000 பேர் பணியாற்றுவர் என்றும், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் என்றும் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் பெருமையோடு கூறினார். ஆதிவாசிப் பெண்ணுக்கு வேலை கிடைப்பது நல்லதே. ஆனால் அவர் தங்குவது நிறுவனம் ஏற்பாடு செய்யும் விடுதியில். போவதும் வருவதும் நிறுவனப் பேருந்தில். வேலையை விட்டால் அன்றிரவே தங்க இடமில்லை. 2025 நவம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியலறையில் மறைகேமரா கண்டெடுக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் திரண்டு போராடினர். கூலிக்காக அல்லாமல் மானத்துக்காக எழுந்த போராட்டம் அது. எனினும் தங்குமிடமும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது கூலியைப் பற்றி வாய் திறப்பது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டியது. இங்குள்ள தலித் பெண்ணையும் அங்கிருந்து வரும் ஆதிவாசிப் பெண்ணையும் எதிரெதிரே நிறுத்துவது மூலதனத்துக்கு வசதி. நமக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

குறைந்தபட்சக் கூலிச் சட்ட முன்வரைவை 1946 ஏப்ரலில் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர். அது 1948இல் சட்டமானது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இலும் 1983இலும் தீர்ப்பளித்தது. பசியும் ஒரு வகைக் கட்டாயமே என்ற அந்தப் புரிதல், கொத்தடிமை முறையை நேரில் கண்ட நம் மக்களுக்கு மிகப் பெரிய ஆயுதம்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. இத்தொகுப்பின் 3ஆம் பிரிவு பாலின அடிப்படையில் ஊதியத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. அங்கே சாதி என்ற சொல் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தால் பொருந்தும் என்றிருந்தது புதிய தொகுப்பில் 50 ஆக உயர்ந்துள்ளது. 49 பேர் கொண்ட ஒப்பந்ததாரர்கள் பெருகுவதற்கு இதைவிட நல்ல அழைப்பு இருக்க முடியாது. நிரந்தரத் தொழிலாளியோடு ஒரே வகை வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதே கூலி தரவேண்டும் என்பது பழைய விதிகளில் உரிம நிபந்தனையாக இருந்தது. புதிய தொகுப்பின் பிரிவுகளில் நிலையான காலப் பணியாளருக்கு மட்டும் இத்தகைய சமத்துவம் எழுதப்பட்டுள்ளது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வெளிப்படையாக எழுதப்படவில்லை.

இந்தத் தொகுப்பில் நமக்குப் பயன்படும் பிரிவு ஒன்றும் உண்டு. 9ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசு தரைமட்டக் கூலியை அறிவிக்க வேண்டும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே குறைந்தபட்சக் கூலியை வைக்கக் கூடாது. வெவ்வேறு நிலப்பகுதிகளுக்கு வெவ்வேறு தரைமட்டக் கூலியை அறிவிக்கவும் அதில் இடமுண்டு. 2019இல் தேசியத் தரைமட்டக் கூலி நாளொன்றுக்கு 178 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 26 நாள்களுக்கு 4,628 ரூபாய். அதே ஆண்டில் அரசு அமைத்த அனூப் சத்பதி குழு பரிந்துரைத்தது 375 ரூபாய். அந்தப் பரிந்துரையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றிய அரசு பல ஆண்டுகள் 178ஐயே பிடித்துக்கொண்டிருந்தது.

கோரிக்கைகள்

முதலாவது, எல்லைப் பகுதிக்கு ஒரே தரைமட்டக் கூலி. ஓசூர், சூளகிரி, ஆனேக்கல், நரசாபுரா ஆகியவை ஒரே தொழிற்பகுதி. வாடகையும் அரிசி விலையும் பேருந்துக் கட்டணமும் மாநில எல்லை பார்த்து உயர்வதில்லை. 9ஆம் பிரிவின்கீழ் இப்பகுதியை ஒரே நிலப்பகுதியாக அறிவிக்கும்படி இரு மாநில அரசுகளும் ஒன்றிய அரசைக் கேட்க வேண்டும். அப்போதுதான் அண்டை மாநிலத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் வாதம் அடிப்படை இழக்கும்.

இரண்டாவது, பொதுப்பணத்துக்குக் கூலி நிபந்தனை. மானிய விலை நிலம், மின்கட்டணச் சலுகை, வரித் திருப்பம், விற்பனை ஊக்கத்தொகை ஆகியவற்றில் எதைப் பெறும் நிறுவனமும், நேரடித் தொழிலாளர் விகிதத்தையும் ஒப்பந்தத் தொழிலாளிக்கான சம ஊதியத்தையும் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலேயே ஏற்க வேண்டும். அந்த ஒப்பந்தங்கள் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். முதலீட்டுத் தொகையும் வேலை எண்ணிக்கையும் விளம்பரமாகும்போது ஊதியம் மட்டும் வணிக ரகசியமாக இருக்க முடியாது.

மூன்றாவது, சாதிவாரிக் கணக்கு. சலுகை பெறும் ஆலைகள் தம் பணியாளர்களை நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சி என்ற படிநிலைவாரியாகவும் சாதிவாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற நம் நெடுநாள் கோரிக்கைக்கு முதல் படி இதுவே. கணக்கில்லாத இடத்தில் பாகுபாட்டை மெய்ப்பிக்க முடியாது.

நான்காவது, 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு பணியாளர் நிரந்தரத் தகுதிச் சட்டத்தை உயிர்ப்பிப்பது. 24 மாதங்களில் 480 நாள்கள் வேலை செய்தவர் நிரந்தரமாக வேண்டும் என்று சொல்லும் இச்சட்டம் நம் மாநிலத்தின் தனிச்சிறப்பு. ஒப்பந்ததாரரின் பெயரை மாற்றி நாள்களை உடைப்பதே அதை முறியடிக்கும் வழியாக இருக்கிறது. பெயர் மாறினாலும் ஆலை மாறாவிட்டால் நாள்கள் தொடர்ந்து எண்ணப்படும் என்று சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். அதற்கு ஒன்றிய அரசைக் குறைசொல்லிக் காத்திருக்க வேண்டியதில்லை. புதிய தொகுப்புகளின்கீழ் மாநிலம் எழுதும் விதிகளிலும் ஒப்பந்தத் தொழிலாளிக்கான சம ஊதியத்தைச் சேர்க்க வேண்டும்.

மேசைக்கு வந்த மூன்று அட்டைகளுக்குத் திரும்புகிறேன். மூன்றையும் கூட்டினால் 480 நாள்களைத் தாண்டுகிறது. தனித்தனியே பார்த்தால் எதுவும் எட்டவில்லை. ஒப்பந்தம் வெறும் போர்வை, உண்மையான முதலாளி ஆலையே என்று நாம் வழக்காட வேண்டும். அதற்கு வருகைப் பதிவும் பேருந்துப் பட்டியலும் சக தொழிலாளிகளின் சாட்சியமும் வேண்டும். இதை அவரிடம் சொன்னபோது, சாட்சி சொல்ல யார் வருவார்கள் என்று யோசித்தார். பிறகு, நிரந்தரப் பணியில் இருக்கும் ஒருவரின் பெயரைச் சொன்னார். ஊர்த்தெருவைச் சேர்ந்தவர், ஆனால் வருவார் என்றார்.

அவர் வந்தால் அந்த வழக்குக்கு வலு கூடும். இத்தகைய சாட்சிகள் ஒவ்வோர் ஆலையிலும் முன்வந்தால் பட்டியலின் பக்கங்களுக்கு நடுவே இருக்கும் சுவர் சரியும். சட்டத்தால் மட்டும் ஆகாத பகுதி அது. சட்டத்தால் ஆகக்கூடிய பகுதியை அரசு உடனே செய்ய வேண்டும். அடுத்த முதலீட்டாளர் மாநாட்டின் மேடையில் கோடிகளின் பட்டியல் வாசிக்கப்படும்போது, கூலி எவ்வளவு, யாருக்கு என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கேயே விடை சொல்லப்பட வேண்டும்.